ஏழு முத்திரையும் ஒரு குவளைத் தண்ணீரும்

1

முதலில் ஒரு வாக்குமூலம். இந்தக் கதையில் ஒரு தப்பு நடக்கிறது. அந்தத் தப்புக்கு ஏழு முறை முத்திரை குத்தியவள் நான்தான். எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

யார்க்‌ஷயரில், ஹாலிஃபாக்ஸுக்கு மேலே, வாட்லி எட்ஜ் என்ற மலையூரில் எனக்கு ஒரு கடை. பாதிக் கடையில் ரொட்டி, பால், பத்திரிகை. மீதிப் பாதியில் கண்ணாடி போட்ட தபால் கவுன்டர். பொள்ளாச்சியிலிருந்து வந்து இந்தக் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. கூட்டமில்லாத மத்தியானங்களில், தப்பாக நிரப்பி வீணாய்ப்போன படிவங்களின் பின்பக்கத்தில் கதை எழுதுவேன். இதுவும் அப்படி எழுதியதுதான். திருப்பிப் பார்த்தால் யாரோ ஒருவரின் பாஸ்போர்ட் விண்ணப்பம் தெரியும்.

2

தொடக்கம் சரியாக வரவில்லை. எழுதிப் பாதியில் விட்டதை எல்லாம் அப்படியே வைக்கிறேன்.

(அ) "மலைச்சரிவில் மஞ்சு இறங்கிக்கொண்டிருந்த ஒரு மே மாதக் காலையில், ஒரு பச்சைக் கார்—"

அன்று மஞ்சே இல்லை. நல்ல வெயில். எங்கள் மலையில் மஞ்சு வருஷத்தில் முந்நூறு நாள் இருக்கும். கதைக்கு வேண்டிய நாளில் மட்டும் இருக்காது.

(ஆ) "நாற்பது வயதானால் காருக்கு மோட்சம்."

இது தேவலை. ஆனால் விளக்க வேண்டும். நம்மூரில் எஃப்.சி. என்போமே, அதுபோல இங்கே மூன்று வயது தாண்டிய கார் ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒருமுறை சோதனைக்குப் போகவேண்டும். நாற்பது வயதைத் தாண்டினால் அந்தச் சோதனையிலிருந்து விலக்கு. பழைய கார் வைத்திருப்பவன் அதைப் பிள்ளைபோலப் பார்த்துக்கொள்வான் என்று அரசாங்கத்துக்கு ஒரு நம்பிக்கை. அவன் செய்ய வேண்டியதெல்லாம், "என் வண்டி இந்த விலக்குக்கு உரியது" என்று வருஷா வருஷம் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டுவதுதான்.*

* சாலை வரியும் இந்தக் கார்களுக்குக் கிடையாது. ஆனால் அந்தக் கிடையாத வரியைக் கட்ட வருஷா வருஷம் வந்துதான் ஆகவேண்டும். முதலில் கேட்டபோது சிரித்தேன். இப்போது நானே அடுத்தவர்களுக்கு முகம் மாறாமல் சொல்கிறேன்.

3

கதாநாயகன் ட்ரெவர் ஹெலிவெல், வயது எழுபத்து நாலு. முப்பத்தொரு வருஷம் இந்தப் பள்ளத்தாக்கின் கார்களையெல்லாம் சோதித்து எழுதியவர். சோதனைக்காரர்கள் பலவிதம். இவர் கணக்கு வாத்தியார் விதம். மச்சான் குடும்பத்தோடு கடற்கரைக்குக் கிளம்பிய காலையில், டயரில் கோடு தேய்ந்திருக்கிறது என்று அவன் காரைத் தோற்கடித்து அனுப்பியவர். அந்த மச்சான் இன்றைக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் ஹேசல் பெயரை மட்டும் எழுதி அனுப்புகிறான். ஹேசல் ட்ரெவரின் மனைவி.

எல்லாவற்றையும்விட ஊரில் நிலைத்துப்போன கதை இம்தியாஸின் வேன். தொண்ணூற்றைந்தாம் வருஷம், பெரிய வறட்சிக் கோடை. தோட்டக் குழாயைத் திறந்தால் அபராதம். பாத்திரம் கழுவிய தண்ணீரை ரோஜாச் செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்த காலம். இருபது வயது இம்தியாஸ் தன் அப்பாவின் ரொட்டி வேனைச் சோதனைக்குக் கொண்டுவந்தான். எஞ்சின் சரி, ப்ரேக் சரி, விளக்கு சரி. முன் கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சும் டப்பாவில் தண்ணீர் இல்லை. தோல்வி என்று எழுதிக் கொடுத்துவிட்டார் ட்ரெவர்.

"ஊரே தண்ணிக்கு அலையுது, மிஸ்டர் ஹெலிவெல். நீங்க கண்ணாடிக்குத் தண்ணி கேக்கறீங்க."

"சட்டத்துக்கு வறட்சி தெரியாது, தம்பி."

அதே கோடையில்தான் ட்ரெவர் தன் பச்சைக் காரின் நாலு சிலிண்டர் எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு, மலை ஏற வாகாக ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒன்றை வைத்தார். என் கவுன்டருக்கு வரும்போதெல்லாம் ஆறு விரலைக் காட்டுவார். "ஆறு, கண்ணு. ஆறு."

(காரின் கம்பெனிப் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அந்தக் கார் வைத்திருப்பவர்கள் சங்கத்திலிருந்து எனக்குப் பதினாறு பக்கத்தில் திருத்தம் வரும். எழுபத்திரண்டாம் வருஷத்துக் கார், பச்சை நிறம். அது போதும்.)

இவரை நல்லவராக எழுதுவதா, வறட்டு மனுஷனாக எழுதுவதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அவர் சட்டைப் பையில் காற்றழுத்தம் பார்க்கும் கருவி ஒன்று இருந்தது. அதை மட்டும் வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

4

போன மே மாதம் இருபத்தேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை. என் கவுன்டரில் இருவர். முன்னால் ஆடு வளர்க்கும் க்ளெட்ஹில். அவருக்குப் பின்னால், எட்டாவது முறையாக விலக்குப் படிவத்தோடு ட்ரெவர்.

"எனக்கும் அந்த விலக்கு வேணும், செல்வி. வண்டிக்கு நாப்பத்தாறு வயசாச்சு," என்றார் க்ளெட்ஹில். "எஞ்சின் மட்டும் புதுசு. நாலு சிலிண்டர் இருந்த எடத்துல எட்டு போட்டேன், போன வருஷம்."

"எட்டா?" ட்ரெவர் ஓய்வுபெற்றுப் பதினொரு வருஷம் ஆகிறது, குரல் இன்னும் ஓய்வுபெறவில்லை. "எட்டைப் போட்டுட்டு விலக்கு வேற கேக்கறியா? சட்டத்தைப் படிச்சியா நீ?"

"நான் எதுக்குப் படிக்கணும்? அதுக்குத்தான் நீ இருக்கியே."

கவுன்டர் கண்ணாடியில் விலக்கு விதிகள் அச்சடித்த தாள் ஒன்றை ஒட்டியிருந்தேன். அதைச் சரக்கென்று உரித்தெடுத்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மச்சானைத் தோற்கடித்த அதே குரலில் ட்ரெவர் வாசித்தார்.

"'கடந்த முப்பது வருஷத்துக்குள்ள வண்டியைப் பெரிய அளவுல மாத்தியிருந்தா விலக்கு கிடையாது.' கேட்டியா? இன்னும் இருக்கு. 'எஞ்சின்ல சிலிண்டர் எண்ணிக்கை மாறினா, அதுவும் பெரிய—'"

இந்தக் கதையில் பாதியில் விட்ட வாக்கியங்கள் நிறைய உண்டு. மற்றவை நான் விட்டவை. இது மட்டும் அவர் விட்டது.

"அப்புறம்? படி," என்றார் க்ளெட்ஹில்.

"அவ்வளவுதான்."

தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். கையெழுத்துப் போடாத படிவம் கவுன்டரிலேயே கிடந்தது. வெளியே போனவர் காரின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் மலைமேல் வீட்டுக்கு நடந்தே போனார். கார் என் கடை வாசலில் நின்றது.

5

வாசகருக்கு இங்கே ஒரு கேள்வி வரும். சட்டத்தைக் கரைத்துக் குடித்த மனுஷன், தன் காரின் ஆறு சிலிண்டரும் இதே மாற்றம்தான் என்பதை ஏழு வருஷம் எப்படிப் பார்க்காமல் விட்டார்?

நானும் இதில்தான் இரண்டு நாள் மாட்டிக்கொண்டேன். பதில் சின்னது. இந்த விதி வந்தபோது அவர் வேலையை விட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது. அடுத்தவன் காருக்கு என்றால் அடிக்குறிப்புவரை படிப்பார். தன் காருக்கு, "நாற்பது வயது" என்ற முதல் வரியோடு நிறுத்திக்கொண்டார். பார்க்காமல் விட்டது அவ்வளவுதான்.

என் பங்கு? அந்தத் தாளை எழுத்து வெளிப்பக்கம் தெரியும்படி ஒட்டியிருந்தேன். உள்ளே உட்கார்ந்த எனக்கு ஏழு வருஷமும் தெரிந்தது வெள்ளை முதுகு. ஆறு விரலை ஏழு வருஷம் பார்த்துச் சிரித்து, ஏழு முறையும் முத்திரையைக் குத்தியிருக்கிறேன்.

6

வியாழக்கிழமை ஹேசல் கடைக்கு வந்தாள். தலையெல்லாம் ஈரம்.

(இரண்டு திருத்தம். ஒன்று: நான் அவளை ஹேசல் என்றுதான் கூப்பிடுவேன். ஆனால் எழுபத்திரண்டு வயதுக்காரியை வெறும் பெயர் சொல்லி எழுதக் கை வரவில்லை, அதனால் இனி ஹேசலக்கா. இரண்டு: முதல் பிரதியில் அவள் ட்ரெவரை "என்னங்க" என்று கூப்பிட்டுவிட்டாள். என் கையின் பழக்கம் அது. அவள் அந்த ஆளை ஐம்பது வருஷமாகப் "போடா" என்கிறவள்.)

வியாழன்தோறும் ஹேசலக்காவும் அவள் சிநேகிதிகள் மூன்று பேரும் கீழே டவுனுக்கு நீச்சலடிக்கப் போவார்கள். ட்ரெவர்தான் பச்சைக் காரில் இறக்கிவிட்டுக் கூட்டிவருவார். எங்கள் ஊர் இறக்கத்தைப் பார்த்தால் ஆடுகூட யோசித்துத்தான் கால் வைக்கும். அன்று நாலு பேரும் பஸ்ஸில் போய் வந்திருந்தார்கள்.

"இவனுக்கு என்ன ஆச்சு, செல்வி? ரெண்டு நாளா டீ குடிக்கல. யார்க்‌ஷயர்காரன் டீ குடிக்கலைன்னா ஒண்ணு செத்திருக்கணும், இல்ல தப்புப் பண்ணியிருக்கணும்."

"உங்ககிட்ட எதுவும் சொல்லலையா?"

"நேத்து ராத்திரிச் சாப்பாட்டுல சொன்னான். எஞ்சின் வச்சது எந்த மாசம்னு கேட்டான். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. வறட்சி வருஷம், ஜூலை, என் பிறந்தநாளுக்கு மொத நாள். கிரீஸ் கையோட வந்து நின்னான், பாத்திரம் கழுவின தண்ணியை ஊத்தினேன். அப்போ இன்னும் ரெண்டு மாசந்தான்டா, ஜூலை வந்தா முப்பது வருஷம் முடிஞ்சுரும், சட்டம் தானா சரியாயிடும், அதுவரைக்கும் பஸ்ல போறோம்னு சொன்னேன். நல்ல யோசனைதானே?"

"நல்ல யோசனைதான்."

"'ஜூலைல சட்டம் சரியாகும், ப்ரேக் சரியாகுமா'ன்னான்."

ஹேசலக்கா ரொட்டி அலமாரியில் சாய்ந்துகொண்டாள். அவள் சொன்னதை என் வார்த்தையில் எழுதி எழுதி அடித்துவிட்டேன். அவள் சொன்னபடியே இருக்கட்டும்.

"புது எஞ்சின் பழசைவிடக் கனம். ப்ரேக் அதே பழைய ப்ரேக். முட்டி ஆபரேஷன் ஆனதுலேருந்து இவன் வண்டிக்கு அடியில படுத்துப் பாத்ததே இல்ல. ஆறு வருஷமாச்சு. 'யாருமே பாக்காத ப்ரேக்கை நம்பி வாராவாரம் உங்க நாலு பேரையும் அந்த எறக்கத்துல எறக்கியிருக்கேன் ஹேசல்'ங்கறான். சரி, சோதனைக்குக் கொண்டுபோன்னா அதுக்கும் பயம். மோசம்னு எழுதிட்டா, போன ஏழு வருஷமும் மோசம்னு ஆயிடும்ல?"

"முத்திரை குத்தினது நான்தான், அக்கா."

"நீ முத்திரை குத்தினே. நான் ஏறி உக்காந்தேன். இப்ப அழுது என்ன பண்றது? அவனுக்குச் சோதனைக்கு நேரம் வாங்கிக் கொடு. அவன் வாங்க மாட்டான்."

இந்தப் பக்கத்தில் சோதனை செய்கிற கேரேஜ் இப்போது ஒன்றே ஒன்றுதான். கீழே, ஆற்றங்கரையில், இம்தியாஸுடையது. ஆம், அதே ரொட்டி வேன் இம்தியாஸ். போன் போட்டேன்.

"யார் வண்டி?"

"ட்ரெவரோடது."

பதிவேட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"நாளைக்குப் பத்து மணி," என்றார். "நல்ல சட்டை போட்டுட்டு வர்றேன்னு சொல்லுங்க."

7

சோதனை இல்லாத வண்டியை ரோட்டில் ஓட்டக்கூடாது. ஆனால் முன்பதிவு செய்த சோதனைக்குப் போகிற வழியில் மட்டும் ஓட்டலாம். யார் எழுதிய விதியோ, அந்தப் புண்ணியவான் ஒரு காலத்தில் கதை எழுதியிருக்க வேண்டும்.

ட்ரெவர் ஹேசலக்காவைக் காரில் ஏற்றவில்லை.

"நீ செல்வி வண்டில வா."

"அம்பது வருஷமா உன்னோட வந்தவ, இன்னைக்கு மட்டும் என்னடா?"

"இன்னைக்குத்தான் எனக்குத் தெரியும்."

அவர் முதல் கியரில் நடைவேகத்தில் இறங்கினார். பின்னால் நாங்கள். எங்களுக்குப் பின்னால் பஸ். பஸ் டிரைவர் ஒருமுறை ஹாரன் அடித்தார். ஹேசலக்கா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஏதோ காட்டினாள், அதன்பிறகு அடிக்கவில்லை. இறக்கம் முழுக்கப் பச்சைக் காரின் பின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. மிதித்த காலை அவர் எடுக்கவே இல்லை.

8

சோதனைக் கொட்டகைக்கும் காத்திருக்கும் அறைக்கும் நடுவே ஒரு பெரிய கண்ணாடி. வண்டிக்காரர் அந்தப் பக்கம் போகக்கூடாது, சோதிப்பவரோடு பேசக்கூடாது, பார்க்கலாம். முப்பத்தொரு வருஷம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றவர், முதல் முறையாக இந்தப் பக்கத்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் ஃப்ரேம் போட்டு ஒரு காகிதம் மாட்டியிருந்தது. ஆகஸ்ட் 1995, ரொட்டி வேன், தோல்வி, காரணம்: தண்ணீர் இல்லை. கீழே ட்ரெவரின் கையெழுத்து. அவர் அதைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டார்.

இம்தியாஸ் உண்மையாகவே புதுச் சட்டை போட்டிருந்தார். காருக்கு அடியில் விளக்கைப் பிடித்துத் தட்டித் தட்டிப் பார்த்தார். ஒரு தடவை தட்டியது கொஞ்சம் சத்தமாகக் கேட்டது. ட்ரெவர் பாதி எழுந்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

காத்திருந்த நேரத்தில் ஓர் உறையின் பின்னால் முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று. எல்லாம் கச்சிதம். இம்தியாஸ் கைகொடுக்கிறார். சர்க்கரை அதிகம், அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு. "இம்தியாஸ் ப்ரேக் குழாயில் விரலை வைத்து அழுத்தியபோது, அது—"

இதை எழுதும்போது ஹேசலக்கா என் தோளில் சாய்ந்திருந்தாள். அவள் தலையில் நீச்சல் குளத்து மருந்து வாசனை இன்னும் போகவில்லை. வாரம் தவறாமல் அந்த இறக்கத்தில் போய்வந்த தலை. அந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. கதைக்கு அது நல்ல முடிவு என்று தெரிந்தும் முடியவில்லை.

முடிவு மூன்று எழுதுவதற்குள் உருளைகள் சுற்ற ஆரம்பித்தன. சக்கரத்தை அதன்மேல் ஏற்றி, ப்ரேக் எவ்வளவு பிடிக்கிறதென்று பார்க்கும் இயந்திரம் அது. ட்ரெவர் கண்ணை மூடிக்கொண்டார். எந்த ஒலிக்கு எந்த எண் வரும் என்று தெரிந்தவர் அவர். கேட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

உருளைகள் நின்றன. இம்தியாஸ் கதவைத் திறந்துகொண்டு எங்கள் பக்கம் வந்தார்.

"மிஸ்டர் ஹெலிவெல். அன்னைக்கு நான் இந்த மாதிரி நாற்காலில உக்காந்திருந்தேன். முடியறவரைக்கும் நீங்க என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல."

"ப்ரேக் எப்படி?" என்றார் ட்ரெவர். மற்றது எதுவும் அவர் காதில் விழவில்லை.

"அதைச் சொல்லத்தான் வந்தேன். நல்லா இருக்கு. நாலு சக்கரமும் நல்லா இருக்கு. குழாய்ல ஒரு பொட்டுத் துரு இல்ல. யாரோ செம்புக் குழாய் போட்டிருக்காங்க."

"நான்தான். ரெண்டாயிரத்துப் பதினொண்ணுல."

"அப்போ உங்களுக்கு நீங்களே நன்றி சொல்லிக்கோங்க."

ட்ரெவர் கையை நீட்டினார், எங்கே என்று பார்க்காமலே. ஹேசலக்காவின் கை அங்கே இருந்தது. "போடா," என்றாள் அவள், மெதுவாக.

ஏழு வருஷத்து வியாழக்கிழமைகள், மழை பெய்தவை, பனி விழுந்தவை, நாலு பெண்களும் காருக்குள் தலை துவட்டிக்கொண்டு வந்தவை, அத்தனையும் அந்த ஒரு நிமிஷத்தில் பத்திரமாயின. நடந்து முடிந்த ஒன்று இப்படித் திரும்பிப் போய் நல்லதாவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. என் முத்திரையும் அந்தக் கணக்கில் உண்டு. நிம்மதியாக இருந்தது. இதை வேறு எப்படி எழுதுவது என்று யோசித்தேன். வேறு எப்படியும் எழுத வேண்டியதில்லை.

"ஒண்ணே ஒண்ணு," என்றார் இம்தியாஸ்.

திரும்பிப் போய்க் காருக்குள் கையை விட்டு ஒரு பொத்தானை அழுத்தினார். முன் கண்ணாடிமேல் எதுவும் வரவில்லை. காய்ந்த மோட்டார் மட்டும் இரைந்தது. மறுபடி அழுத்தினார். மறுபடி இரைச்சல்.

தண்ணீர் இல்லை.

இம்தியாஸ் காரின் கூரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்படியே குனிந்து சிரித்தார், புதுச் சட்டை கிரீஸில் பட்டது. ட்ரெவர் சுவரில் மாட்டிய காகிதத்தைப் பார்த்தார். எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. ஹேசலக்கா, "வீட்டுல குழாய்ல கொட்டோ கொட்டுன்னு கொட்டுதேடா," என்றாள்.

(நான் இதைப் புனைந்திருந்தால் வெட்கப்பட்டு அடித்திருப்பேன் என்று எழுத ஆசை. இது கதை என்பதால் அப்படிச் சொல்லவும் வாய்ப்பில்லை.)

9

இம்தியாஸ் ட்ரெவரை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். கையில் டீ குடிக்கும் குவளை ஒன்று, நிறையத் தண்ணீர்.

இந்த இடத்தில் விதி இரண்டாகப் பிரிகிறது. அதைச் சொல்லிவிட்டு நான் ஒதுங்கிக்கொள்கிறேன். முடிவை எழுதுவதற்கு முன்பே அந்தத் தண்ணீரை ஊற்றிவிடலாம். கார் ஒரே மூச்சில் தேறிவிடும். அல்லது முதலில் தோல்வி என்று எழுதி, பிறகு ஊற்றி, பிறகு தேர்ச்சி என்று எழுதலாம். சான்றிதழ் இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் இரண்டாவது வழியில் அந்தத் தோல்வி பதிவில் என்றைக்கும் நிற்கும். காரின் எண்ணைத் தெரிந்த யாரும் கணினியில் தட்டிப் பார்த்துக்கொள்ளலாம். மச்சான் உட்பட.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். இம்தியாஸ் குவளையைத் தூக்கிக் காட்டி ஏதோ கேட்டார். ட்ரெவர் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். இம்தியாஸ் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குவளையை அவர் கையில் கொடுத்தார்.

"'எழுது'ன்னுதான் சொல்லியிருப்பான்," என்றாள் ஹேசலக்கா. "ஊருக்கெல்லாம் எழுதினவன்."

"'ஊத்து'ன்னு சொல்லியிருந்தா?"

"சொல்லியிருந்தா இருக்கட்டுமே. மனுஷன்தானே."

கார் எண் எனக்குத் தெரியும். கவுன்டரில் கணினியும் இருக்கிறது. இன்றுவரை தட்டிப் பார்க்கவில்லை. எண்ணை இங்கே எழுதவும் மாட்டேன். ட்ரெவரை நல்லவராக எழுதுவதா, வறட்டு மனுஷனாக எழுதுவதா என்று கேட்டேனே, அந்த ஒரு வார்த்தையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு இரண்டும் சம்மதம். ப்ரேக் நன்றாக இருக்கிறது.

மறுநாள் காலையில் ட்ரெவர் கடைக்கு வந்தார். சான்றிதழை நீட்டினார். மடித்த தாளைப் பையிலிருந்து எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். ஜூலைக்குப் பிறகு சட்டப்படியே விலக்கு உண்டே, அடுத்த மே மாதம் படிவம் எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம், கண்ணு. இம்தியாஸ்கிட்ட நேரம் வாங்கிட்டேன்."

தாளைக் கண்ணாடியில் மறுபடி ஒட்டினேன், இந்தத் தடவை எழுத்து என் பக்கம். க்ளெட்ஹில் படிக்க முடியவில்லை என்று குறைபட்டுக்கொள்கிறார். அவருக்கும் சேர்த்து நான் படித்துச் சொல்கிறேன்.

அடுத்த வியாழன் பத்து மணிக்குப் பச்சைக் கார் நாலு பெண்களோடு கடையைத் தாண்டி இறக்கத்துக்குப் போனது. மழையுமில்லை, தூசியுமில்லை, சுள்ளென்று வெயில். கடை வாசல் வந்ததும் ட்ரெவர் பொத்தானை அழுத்தினார். துடைத்து வைத்த கண்ணாடிமேல் இரண்டு கீற்றுத் தண்ணீர் எழும்பி விழுந்தது. உள்ளே யாரோ "போதும்டா" என்றார்கள். வளைவு வரும்வரை அவர் பீய்ச்சிக்கொண்டேதான் போனார்.